வீட்டுத் துப்புரவாக்கிகளும் கடைத் துப்புரவாக்கிகளும்: மயிலிட்டிக் கிணற்று நீரை முன்வைத்து ஓர் ஒப்பீடு

க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம்
தொடர்புடைய பாடப் பகுதிகள்: அமிலங்களும் மூலங்களும், நீரின் வன்மை, மூல் கணிப்பு, வீட்டுப் பாவனையில் இரசாயனப் பொருட்கள்

"வீட்டில் தயாரிக்கும் துப்புரவாக்கிகளையும் கடையில் வாங்கும் துப்புரவாக்கிகளையும் ஒப்பிடுக" என்ற வினாவிற்குப் பெரும்பாலான மாணவர் எழுதும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வீட்டுப் பொருள் மலிவானது, இயற்கையானது, தீங்கற்றது. கடைப் பொருள் விலை கூடியது, இரசாயனமானது, தீங்கானது. இந்த விடைக்கு முழுப் புள்ளி கிடைக்காது. தேசிக்காயில் உள்ள சித்திரிக்கமிலமும் இரசாயனப் பொருள்தான். அடுப்புச் சாம்பலும் கையை அரிக்கக் கூடியதுதான். எனவே ஒரு துப்புரவாக்கியை எடைபோடும்போது நாம் கேட்க வேண்டியவை மூன்று. அகற்ற வேண்டிய அழுக்கு எது? எந்த நீரிற் கழுவுகிறோம்? கழுவிய நீர் எங்கே போகிறது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேட மயிலிட்டி மிகப் பொருத்தமான இடம்.

மயிலிட்டி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வலிகாமம் வடக்கிலுள்ள மீன்பிடிக் கிராமம். மேற்கே காங்கேசன்துறை. அங்கே 1950இல் தொடங்கப்பட்ட சீமெந்துத் தொழிற்சாலை 1990 வரை இயங்கியது. அத்தொழிற்சாலை அவ்விடத்தில் அமைந்ததற்குக் காரணம் காலடியிற் கிடந்த சுண்ணக்கல். அதே சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குடைவுகளிலும் தேங்கும் மழைநீரையே எமது கிணறுகளில் அள்ளுகிறோம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. குளிப்பதும் தோய்ப்பதும் குடிப்பதும் கிணற்றை நம்பித்தான்.

1990 யூனில் மயிலிட்டி மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. துறைமுகத்தோடு சேர்ந்த ஒரு பகுதி நிலம் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டபோது, 27 ஆண்டுகளாக இறைக்கப்படாத கிணறுகளுக்கும் கூரையில்லாத சுவர்களுக்கும் மக்கள் திரும்பினர். அவ்வாறு திரும்பிய ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். கிணறு துப்புரவாக்க வேண்டும். சீமெந்துத் தரை தேய்க்க வேண்டும். நாளாந்தம் மீன் வெட்டிய பலகை கழுவ வேண்டும். கடலுப்புப் படிந்த உடுப்புத் தோய்க்க வேண்டும். எதற்கு எதை எடுப்பது?

1. நீரின் வன்மையும் சவர்க்காரமும்

மழைநீர் வளியிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்னமிலமாகச் சுண்ணக்கல்லினூடாகக் கீழிறங்குகிறது. அப்போது நடைபெறும் தாக்கம்:

கல்சியம் காபனேற்று + நீர் + காபனீரொட்சைட்டு → கல்சியம் இருகாபனேற்று

கல்சியம் காபனேற்று நீரிற் கரையாது; கல்சியம் இருகாபனேற்று கரையும். இதனாலேயே கிணற்று நீரில் கல்சியம் அயன்கள் நிறைந்துள்ளன. மகனீசியம் அயன்களும் உள்ளன. வன்மையை, அதற்குச் சமமான கல்சியம் காபனேற்றின் திணிவாக, ஓர் இலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் எனக் குறிப்பர். 60 வரை மென்னீர் எனவும், 180இற்கு மேல் மிகவும் வன்மையான நீர் எனவும் கொள்ளப்படும். குடாநாட்டுக் கிணறுகளிற் பல இந்த 180ஐத் தாண்டுபவை.

சவர்க்காரம் என்பது கொழுப்பமிலத்தின் சோடியம் அல்லது பொற்றாசியம் உப்பு. அதன் மூலக்கூறு தலைப்பிரட்டை போன்றது. தலை நீரை நாடும், வால் நீரை வெறுத்து எண்ணெயை நாடும். வால்கள் எண்ணெய்த் துளியைக் குத்திப் பிடிக்க, தலைகள் வெளியே நீரை நோக்கி நிற்க, துளி துணியை விட்டுக் கழன்று நீரோடு போகிறது. வன்னீரில் இத்தலைகளைக் கல்சியம் அயன் பிடித்துக்கொள்கிறது. சோடியம் ஸ்ரியரேற்றுக் கல்சியம் ஸ்ரியரேற்றாக மாறி வெண்ணிற வீழ்படிவாகிறது. வாளியின் விளிம்பில் வழுவழுப்பாக ஒட்டும் வெள்ளைப் படை அதுவே. அழுக்கு என்று நினைத்து நாம் தேய்த்துக் கழுவுவது, உண்மையில் நாம் காசு கொடுத்து வாங்கிய சவர்க்காரம்.

எவ்வளவு வீணாகிறது என்பதைக் கணித்துப் பார்க்கலாம். பரீட்சையில் இது மூல் கணிப்பாக வரக்கூடியது.

உதாரணம்: ஒரு கிணற்று நீரின் வன்மை ஓர் இலீற்றருக்கு 300 மில்லிகிராம் கல்சியம் காபனேற்று எனக் கொள்க. 20 இலீற்றர் வாளியில் உள்ள நீர் முழுவதையும் சவர்க்காரத்தால் மட்டுமே மென்னீராக்க எத்தனை கிராம் சோடியம் ஸ்ரியரேற்று வேண்டும்?

20 இலீற்றரில் உள்ள வன்மை = 20 × 0.3 = 6 கிராம் கல்சியம் காபனேற்று
மூல் எண்ணிக்கை = 6 ÷ 100 = 0.06
ஒரு கல்சியம் அயனுக்கு இரண்டு ஸ்ரியரேற்று அயன்கள் தேவை. ஆகவே 0.12 மூல்
சோடியம் ஸ்ரியரேற்றின் மூலர்த் திணிவு 306. ஆகவே 0.12 × 306 = ஏறத்தாழ 37 கிராம்

அதாவது ஒரு வாளி நீரில் நல்ல நுரை எழுமுன்னரே 37 கிராம் சவர்க்காரம் மடிந்துவிடும். 100 கிராம் கட்டியொன்றில் மூன்றிலொரு பங்கிற்கும் மேல். நாம் நடைமுறையில் வாளி முழுவதற்கும் சவர்க்காரம் கரைப்பதில்லை, துணியிலேயே தேய்க்கிறோம். எனவே இழப்பு இதனிலும் குறைவு. ஆயினும் இழப்பு இழப்புத்தான்.

இப்போது அதே வாளிக்கு முதலிற் சலவைச் சோடா இட்டால் என்ன நிகழும்?

கல்சியம் இருகாபனேற்று + சோடியம் காபனேற்று → கல்சியம் காபனேற்று + சோடியம் இருகாபனேற்று

0.06 மூல் கல்சியத்துக்கு 0.06 மூல் சோடியம் காபனேற்றுப் போதும். மூலர்த் திணிவு 106. ஆகவே 6.4 கிராம். பளிங்காக விற்கப்படும் நீரேற்றிய சோடாவாயின் மூலர்த் திணிவு 286. அதில் ஏறத்தாழ 17 கிராம் வேண்டும். ஏழு கிராமுக்கும் குறைந்த மலிவான தூள் 37 கிராம் சவர்க்காரத்தைக் காப்பாற்றுகிறது. கல்சியம் காபனேற்று அடியிற் படிந்தபின் தெளிந்த நீரை வார்த்தெடுத்துத் தோய்ப்பது உத்தமம். 2022இன் பொருளாதார நெருக்கடியிற் சவர்க்கார விலை ஏறியபோது இக்கணக்குத் தெரிந்தவர்கள் பயனடைந்திருப்பார்கள்.

விறகுச் சாம்பலை நீரிலிட்டுத் தெளிய வைத்தால் வரும் நீரில் இருப்பது பெரும்பாலும் பொற்றாசியம் காபனேற்று. அது செய்வதும் இதே வேலைதான். முன்னாளிற் சலவைக்குப் பயன்பட்ட உவர்மண்ணும் இவ்வகையினதே. சவர் என்றால் உவர். சவர்க்காரம் என்ற பெயருக்குள்ளேயே அந்தப் பழைய காரம் இருக்கிறது.

கவனிக்குக: சலவைச் சோடாவும் அப்பச் சோடாவும் ஒன்றல்ல. அப்பச் சோடா சோடியம் இருகாபனேற்று, மென்காரம். சலவைச் சோடா வன்மை கூடியது. அதன் கரைசலின் பி.எச். பெறுமானம் 11 அளவில் இருக்கும். கையை உலர்த்தும். பட்டு வேட்டிக்கும் கம்பளிக்கும் ஆகாது. அலுமினியப் பாத்திரத்தில் ஊறவிட்டால் பாத்திரம் கறுத்து அரிபடும். சாம்பலாற் சட்டி மினுக்கும்போதும் இதை நினைவிற் கொள்க. மண்சட்டிக்கும் இரும்புத் தாச்சிக்கும் சாம்பல் சரி, அலுமினியத்துக்குச் சரியல்ல.

செயற்பாடு 1

நான்கு ஒத்த போத்தல்களில் சம கனவளவு மழைநீர், கிணற்று நீர், கொதிக்கவைத்து ஆறவிட்டு வடித்த கிணற்று நீர், கடல்நீர் ஆகியவற்றை எடுக்க. சவர்க்காரச் சீவலை மழைநீரிற் கரைத்து ஒரு கரைசல் செய்க. ஒவ்வொரு போத்தலிலும் அக்கரைசலைத் துளித்துளியாக இட்டு, மூடிக் குலுக்கி, ஒரு நிமிடம் நிலைத்து நிற்கும் நுரை வரும்வரை இட்ட துளிகளை எண்ணுக.

மழைநீருக்கு மிகக் குறைந்த துளிகள் போதும். அடுத்தது கொதிக்கவைத்த கிணற்று நீர், அதன் பின் கிணற்று நீர். கடல்நீருக்கு எண்ணிக் களைத்துவிடுவீர்கள். ஓர் இலீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 0.4 கிராம் கல்சியமும் 1.3 கிராம் மகனீசியமும் உள்ளன. கொதித்தலால் தற்காலிக வன்மை மட்டுமே நீங்கும். சல்பேற்று, குளோரைட்டுகளால் வரும் நிரந்தர வன்மை மிஞ்சும். கேத்திலின் அடியிற் கல்லாகப் படிவது இந்த நீங்கிய தற்காலிக வன்மையே.

இவ்விடத்தில் மீனவர் வீட்டுக்கு உதவும் ஒரு செய்தி. எல்லாச் சவர்க்காரமும் வன்னீரில் ஒரே அளவு தோற்பதில்லை. தேங்காயெண்ணெய்யிற் செய்த சவர்க்காரம் உவர்நீரிலும் ஓரளவு நுரைக்கும். தேங்காயெண்ணெய்யில் ஏறக்குறையப் பாதி, குறுகிய சங்கிலியுடைய லோரிக்கமிலம் என்பதே காரணம். கப்பலோட்டிகளுக்கென்று கடல்நீர்ச் சவர்க்காரம் செய்தபோது இந்த எண்ணெய்யையே தெரிந்தெடுத்தனர்.

சவர்க்காரத்தை வீட்டிலேயே செய்யலாமா? 100 கிராம் தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 18 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டு வேண்டும். கூடினால் மிஞ்சும் காரம் தோலை எரிக்கும், குறைந்தால் எண்ணெய் மிஞ்சும். கரைக்கும்போது கரைசல் கொதிக்குமளவு சூடாகும். கண்ணிற் தெறித்தால் பார்வை போகலாம். ஆய்வுகூடத்தில் ஆசிரியர் முன்னிலையில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து செய்க. சிறுபிள்ளை உள்ள வீட்டுக் குசினியில் இது வேண்டாம்.

2. பனம்பழம்: எமது மண்ணின் துப்புரவாக்கி

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தைக் கடந்தவர்களிடம், அன்று எதில் உடுப்புத் தோய்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பனம்பழம் என்பார்கள். தடையினால் சவர்க்காரம் கிடைப்பதரிதாகி ஆனைவிலை விற்ற நாட்களில், பழுத்து விழுந்த பனம்பழத்தின் தோலை உரித்து, தும்போடு கூடிய களியை நனைத்த துணியிற் தேய்த்து அலசினர். காயப்போட்ட உடுப்பை மாடு வந்து சப்பிய கதையையும் சேர்த்தே சொல்வார்கள். அதுவும் உண்மையான அவதானமே. சரியாக அலசாத துணியிற் பழத்தின் சீனியும் மணமும் மிஞ்சியிருக்கும்.

பனங்களி ஏன் நுரைக்கிறது? அதில் சப்போனின் என்ற வகைப் பதார்த்தங்கள் உள்ளன. இவற்றின் மூலக்கூறிலும் ஒரு முனை எண்ணெய்யை நாடும், வெல்லங்கள் பிணைந்த மறுமுனை நீரை நாடும். பனங்களியின் சப்போனின்களை இலங்கை ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். பனையின் தாவரவியற் பெயரான பொராசஸ் பிளபெலிவர் என்பதிலிருந்து இவற்றுக்குப் பிளபெலிவெரின் என்ற பெயர் வந்தது. பனங்களியிற் சிலவேளை தட்டும் கசப்புக்கும் இவையே பொறுப்பு.

மாணவர் கவனிக்க வேண்டிய முக்கிய வேறுபாடு ஒன்றுண்டு. சவர்க்காரத்தின் தலை மறையேற்றம் பெற்றது, ஆகவே கல்சியம் அயன் அதைப் பிடிக்கிறது. பனங்களியின் சப்போனினில் நீரை நாடும் பகுதி ஏற்றமற்ற வெல்லம். கல்சியத்துக்கு அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. எனவே வன்னீரிலும் அது வீழ்படிவாவதில்லை. சுண்ணக்கல் நிலத்தில் வாழ்ந்த மக்களுக்கு, சுண்ணக்கல் நீரிலும் தோற்காத ஒரு துப்புரவாக்கி தலைக்கு மேலே காய்த்திருக்கிறது.

இதற்காகப் பனம்பழமே போதும் என்று எழுதிவிடாதீர்கள். ஆவணி, புரட்டாதி தாண்டினால் பழமில்லை. செம்மஞ்சள் நிறத்தைத் தரும் கரோற்றின் வெள்ளைத் துணியிற் கறையாகும். நல்ல வெயிலிற் காய்ந்தால் அது மங்கும். களியை எடுத்து வைத்தாற் புளித்துவிடும். எண்ணெய்ப் பிசுக்குக்கு அதன் வலுக் குறைவு. சீயாக்காயும் பூவந்திக்கொட்டையும் சப்போனின் உடையவையே. அவை உலர்த்திச் சேமிக்கக்கூடியவை என்பதால் வசதி கூடியவை.

கடையில் வாங்கும் சலவைத் தூள் இதே பிரச்சினையை வேறு வழியில் தீர்க்கிறது. அதன் முக்கிய கூறு பெரும்பாலும் அற்கைல் பென்சீன் சல்போனேற்று வகை. அதன் கல்சிய உப்பு, சவர்க்காரத்தின் கல்சிய உப்பைப் போலக் கட்டியாகப் படிவதில்லை. அத்துடன் நீரை மென்மையாக்கும் சோடியம் காபனேற்று, சியோலைற்று அல்லது பொசுபேற்று, சிலவற்றில் கறையைச் சிதைக்கும் நொதியம் ஆகியனவும் உண்டு. வன்னீரிற் சலவைத் தூள் சவர்க்காரக் கட்டியை வெல்வது விளம்பரத்தினால் அல்ல, இக்காரணத்தினால். இதனை விடையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

3. அமிலங்கள்: மீன்பலகையும் கேத்திலும்

மீன் வெட்டிய பலகையும் கையும் ஏன் வெடுக்கடிக்கின்றன? கடல்மீனின் தசையில் உள்ள மணமற்ற ஒரு பதார்த்தத்தைப் பற்றீரியங்கள் மும்மெதைலமீன் என்ற ஆவியாகும் பொருளாக மாற்றுகின்றன. இது ஒரு மூலம். மூலத்துக்கு எதிர் அமிலம். தேசிக்காயோ பழப்புளியோ தேய்த்தால் அது ஆவியாகாத உப்பாக மாறி நீரோடு போய்விடும். ஆவியாகாதது மூக்குக்கு எட்டாது. வெறும் சவர்க்காரம் ஒரு காரம். வெடுக்கை அது இவ்வாறு கட்டிப்போடாது. எனவே முதலிற் புளி, பின்னர் சவர்க்காரம். மயிலிட்டியில் எந்த ஆச்சியும் இதைப் புத்தகம் பார்த்துப் படிக்கவில்லை. ஆனால் பரீட்சையில் "ஏன்" என்று கேட்டால் நடுநிலையாக்கல் என்ற சொல் வரவேண்டும்.

கேத்திலின் கல்லும் அவ்வாறே. வினாகிரியில் ஏறத்தாழ 4 சதவீதம் அசற்றிக்கமிலம் உண்டு. கள்ளைப் புளிக்கவைத்துப் பெறுவதும், அசற்றிக்கமிலத்தை நீரில் ஐதாக்கிச் செய்யும் செயற்கை வினாகிரியும் இவ்வேலைக்குச் சமமே.

கல்சியம் காபனேற்று + அசற்றிக்கமிலம் → கல்சியம் அசற்றேற்று + நீர் + காபனீரொட்சைட்டு

ஒரு கோப்பை வினாகிரியோடு சம அளவு நீர் சேர்த்துச் சூடாக்கி ஒரு மணித்தியாலம் விட்டால் கல் கழன்றுவிடும். இக்கட்டுரையாளரின் வீட்டுக் கேத்தில் பல ஆண்டுகளாக இப்படியே காப்பாற்றப்படுகிறது. கடையில் விற்கும் ஐதரோக்குளோரிக்கமிலம் கொண்ட கழிப்பறைத் திரவம் இன்னும் விரைவாகக் கரைக்கும். ஆனால் குடிக்கும் பாத்திரத்துக்கு அதைப் பயன்படுத்துவது குற்றம் என்றே சொல்ல வேண்டும்.

அமிலத்தைத் தரையில் ஊற்றலாமா? சீமெந்தும் சுண்ணக்கல்லிற் பிறந்தது. கேத்திலின் கல்லைக் கரைக்கும் அமிலம் சீமெந்துத் தரையையும் அரிக்கும். மினுக்கம் போய்ச் சொரசொரப்பானால் அழுக்கு இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். தரைக்குச் சவர்க்கார நீரும் தும்புத்தடியும் போதும். குத்துவிளக்குக்குப் புளி சரி. செம்பின் ஒட்சைட்டையும் காபனேற்றையும் அது கரைக்கும். ஆனால் துலக்கியவுடன் நன்கு கழுவித் துடைக்காவிட்டால் பச்சை பூக்கும்.

இனி, எல்லோரும் விரும்பிச் செய்யும் ஒரு தவறு. வினாகிரியையும் அப்பச் சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கிப் பொங்கி நுரைக்கும். பார்க்க வலிமையாகத் தெரியும். நடந்தது என்ன? அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கின. மிஞ்சியது சோடியம் அசற்றேற்றுக் கரைசல். அது கல்லையும் கரைக்காது, எண்ணெய்யையும் எடுக்காது. நுரை என்பது வெளியேறிய காபனீரொட்சைட்டு மட்டுமே. அடைபட்ட குழாயில் அந்தக் குமிழிகள் அழுக்கைச் சற்று அசைக்கலாம். மற்றப்படி இரண்டு நல்ல துப்புரவாக்கிகளைக் கலந்து ஒன்றுமில்லாமற் செய்த கதைதான்.

4. கிருமிநீக்கம்: இங்கே வீட்டுப் பொருள் தோற்கும்

துப்புரவாக்கல் வேறு, கிருமிநீக்கல் வேறு. முன்னையது அழுக்கை அகற்றுவது. பின்னையது நுண்ணங்கிகளை அழிப்பது. 27 ஆண்டு மூடிக்கிடந்த கிணற்றை மஞ்சளாலும் வேப்பிலையாலும் பாதுகாப்பாக்க முடியாது. சேறு வாரி, நன்கு இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் தூள் இட்டே ஆகவேண்டும். 2020இல் கொவிட் தொற்றுக் காலத்திலும் இவ்வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாயிற்று. அந்த வைரசுக்குக் கொழுப்பாலான உறை உண்டு. அவ்வுறையைச் சவர்க்காரம் குலைக்கும். ஆகவே கைக்குச் சாதாரண சவர்க்காரமே போதுமானதாயிருந்தது. ஆனால் கதவுப் பிடிக்கும் மேசைக்கும் 0.1 சதவீதச் சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசல் பரிந்துரைக்கப்பட்டது. அதற்கு வினாகிரி பதிலீடாகாது.

கணிப்பு: 5 சதவீத வெளிற்றும் திரவத்திலிருந்து 1 இலீற்றர் 0.1 சதவீதக் கரைசல் செய்ய 1000 × 0.1 ÷ 5 = 20 மில்லிலீற்றர் எடுத்து, மொத்தம் 1 இலீற்றராகும்வரை நீர் சேர்க்க. அன்றன்றைக்குச் செய்து அன்றன்றே முடிக்க வேண்டும். வெயிலிலும் சூட்டிலும் இது வலுவிழக்கும். முதலில் அழுக்கைக் கழுவாமல் இதை ஊற்றினால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும்.

எச்சரிக்கை: இப்பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியுமானால் இதை வைத்திருங்கள். வெளிற்றும் திரவத்தோடு எந்த அமிலத்தையும் கலக்கக்கூடாது. கழிப்பறைத் திரவம், வினாகிரி, தேசிக்காய்ச் சாறு எதுவானாலும் நச்சுக் குளோரீன் வாயு வெளிவரும். காற்றோட்டமில்லாத சிறிய கழிப்பறையில் இது சுவாசப்பையைப் பாதித்து உயிரையும் எடுக்கக்கூடும். அமோனியா கலந்தாற் குளோரமீன் என்ற இன்னொரு நச்சு வாயு. கடைப் பொருளும் வீட்டுப் பொருளும் தனித்தனியே தீங்கில்லாமல் இருந்து, சேர்ந்தவுடன் நஞ்சாகும் இடம் இது. "கூடக் கலந்தால் கூடத் துப்புரவு" என்ற எண்ணமே பெரும்பாலான விபத்துகளின் வேர்.

அடுத்த ஆபத்து போத்தல். சில்லறையாக வாங்கிய அமிலத்தையும் வெளிற்றும் திரவத்தையும் வெறும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் எமது வீடுகளில் உண்டு. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது சோடாதான். கடைப் பொருளின் பெறுமதியில் ஒரு பகுதி அதன் சுட்டியிலேயே இருக்கிறது: கூறுகள், செறிவு, தயாரித்த திகதி, காலாவதித் திகதி, எச்சரிக்கை, முதலுதவி. எஸ்.எல்.எஸ். சின்னம் இருப்பின் அதனையும் பார்க்க. வீட்டில் செய்து வைக்கும் கரைசலுக்கும் பெயரும் திகதியும் எழுதி ஒட்டுக. யாரேனும் விழுங்கினால் வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது; ஏறும்போதும் அமிலம் தொண்டையைச் சுடும். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்க. 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம்.

5. கழுவிய நீர் எங்கே?

குடாநாட்டில் ஊற்றிய நீர் தொலைவிற்குப் போவதில்லை. மண் மெல்லியது. அதன் கீழுள்ள சுண்ணக்கல் வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. வடியும் நீர் நன்கு வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரைச் சேரலாம். அந்த நன்னீர், உப்புநீருக்கு மேலே வில்லை போல் மிதந்து நிற்கும் சிறு சேமிப்பு. இன்று வாய்க்காலில் விட்டது நாளை எமது வாளியிலோ அயலவர் வாளியிலோ வரலாம். அமிலத்தையும் குளோரினையும் போத்தல் கணக்கில் ஊற்றுவது இங்கே அயலவர் கிணற்றைத் தொடும் செயல்.

கிணற்றடியில் வாழை வைப்பது எமது முன்னோர் கண்ட தீர்வு. தோய்த்த நீரில் ஒரு பகுதியை வாழை எடுத்துக்கொள்கிறது. ஆனால் சலவைச் சோடாவும் சலவைத் தூளும் சோடியத்தைக் கொணர்கின்றன. சோடியம் தொடர்ந்து சேர்ந்தால் மண்ணின் அமைப்பு இறுகி நீர் இறங்காது. இங்கே பனங்களியும் சீயாக்காயும் வெல்லும், ஏனெனில் அவை எளிதிற் சிதைவடைகின்றன. ஆயினும் சப்போனின் மீனுக்கு நஞ்சு. குளத்திலும் மீன்தொட்டியிலும் கொட்டலாகாது. இயற்கையானது என்ற சொல்லை விடையில் எழுதுமுன் இதையும் எண்ணுக.

மாதிரி வினாக்கள்

(1) பின்வருவனவற்றுள் வன்னீரில் வெண்ணிற வீழ்படிவைத் தருவது எது?
அ) பனங்களி ஆ) சலவைத் தூள் இ) சவர்க்காரக் கட்டி ஈ) மழைநீர்

(2) ஒரு மாணவி, வினாகிரியும் அப்பச் சோடாவும் கலந்த கரைசலால் கேத்திலின் கல்லை அகற்ற முயன்று தோற்றாள். காரணம் கூறி, அவள் செய்திருக்க வேண்டியதைக் குறிப்பிடுக. (4 புள்ளிகள்)

(3) மயிலிட்டியில் மீளக்குடியேறிய குடும்பம் ஒன்று, கிணற்று நீரிற் தோய்ப்பதற்குச் சவர்க்காரக் கட்டி, சலவைச் சோடாவுடன் சவர்க்காரக் கட்டி, சலவைத் தூள், பனம்பழம் ஆகிய நான்கையும் கருதுகிறது. எதைத் தெரிவு செய்வீர்கள்? வன்மை, செலவு, கழிவுநீர் ஆகியவற்றைக் கருத்திற் கொண்டு நியாயப்படுத்துக. (8 புள்ளிகள்)

விடைக் குறிப்பு

(1) இ.

(2) அமிலமும் மூலமும் நடுநிலையாகிச் சோடியம் அசற்றேற்று உண்டாயிற்று (2). கல்சியம் காபனேற்றோடு தாக்கமுற அமிலம் மிஞ்சவில்லை (1). வினாகிரியைத் தனியே சூடாக்கிப் பயன்படுத்தியிருக்க வேண்டும் (1).

(3) நான்கில் எதைத் தெரிந்தாலும் புள்ளி உண்டு, புள்ளி நியாயத்திற்கே. "இயற்கையானது, ஆகவே சிறந்தது" என்பதற்குப் புள்ளியில்லை. சவர்க்காரக் கட்டியை மட்டும் தெரிந்தவர், கல்சியம் உப்பாக இழக்கும் அளவை எப்படி ஈடுசெய்வார் என்று கூற வேண்டும். சோடாவைச் சேர்த்தவர், சோடியம் வாழைப்பாத்திக்குப் போவதைக் குறிப்பிட வேண்டும். சலவைத் தூளைத் தெரிந்தவர் வன்னீரில் அதன் நன்மையை விளக்கி, விலையையும் கழிவுநீரையும் எடைபோட வேண்டும். பனம்பழத்தைத் தெரிந்தவர் வெள்ளைச் சீருடையையும், மாசி மாதத்தில் என்ன செய்வதென்பதையும் மறந்திருந்தால் இரண்டு புள்ளி குறைக்க.